கம் தண்ணி

காலை பத்து மணிக்கே கன்டெய்னர் பெட்டிக்குள் இரும்பு சுட ஆரம்பித்துவிட்டது. நாற்பதடி நீளம், ஒரு பக்கம் மட்டும் கதவு. அந்த இரட்டைக் கதவிலும் ஒன்று துருவேறித் திறக்க மறுத்தது. கெங்கம்மா உள்கோடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த பழைய டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் துணி, வலது கையில் தகடு. துணியைக் கம் தண்ணியில் நனைத்து டேப்பின் மேல் அழுத்திப் பிடித்து, பசை இளகியதும் தகட்டால் ஒரே இழுப்பு. நான்கு வருடமாகச் செய்கிற வேலை. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இப்போது கண்ணைத் திறந்துவைத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. தகடு கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்பதை விரல் சொல்வதில்லை.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், லாரிகள் எப்போதும் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் இருந்தது அந்தக் காலிப் பெட்டி யார்டு. கப்பலில் சரக்கோடு வந்த பெட்டிகள் சரக்கை இறக்கிவிட்டு இங்கே வந்து சேரும். அவற்றைக் கூட்டி, கழுவி, உள்ளும் வெளியும் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்களை எல்லாம் எடுத்துப் புதுசாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையைப் பதினோரு பெண்கள் செய்தார்கள். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வருகிறவர்கள். காண்டிராக்டர் யாரென்று அவர்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. அவருடைய ஆள் ரெஜிதான் அவர்களுக்கு எல்லாம்.

ஸ்டிக்கர் உரிப்பதில் கெங்கம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஒரு மூலையைக் கிளப்பினால் மறு மூலை வரை முழுசாக, அப்பளம் மாதிரி கையோடு வரும். கிழிக்காமல் எடுப்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வமும் இந்த ஒரு வருடத்தில் போய்விட்டது.

முதலில் கால் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. பிறகு பாதம் முழுவதும் ஏதோ காலுறை மாட்டிவிட்ட மாதிரி ஆயிற்று. ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி யார்டு வரை நடந்து வந்த பிறகு, வாட்ச்மேன் கேட்டான், ஒரு காலில் செருப்பு எங்கே என்று. பாதி வழியில் கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அப்புறம் விரல்கள். சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கிக் கொப்புளம் போட்ட பிறகுதான் சூடு என்று தெரிந்தது. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் போனபோது குணசேகரனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கல்யாணமான புதிதில் கூட அவன் இவ்வளவு பொறுப்பாக அவள் முதுகுக்குப் பின்னால் நின்றதில்லை. முதல் நாள் இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாவது நாள் அவன் மட்டும் சிரித்தான், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. தெருமுனை டாக்டர் சர்க்கரை என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இல்லை. இன்னொருவர் சத்துக் குறைவு என்று வாரம் ஒரு ஊசி போட்டார். எலும்பு டாக்டர் முதுகுத் தண்டைப் படம் பிடிக்கச் சொன்னார். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, உங்கள் வயதில் எல்லோருக்கும் இருக்கிற தேய்மானம்தான் என்றார். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. பக்கத்து வீட்டுக்காரி வாயு என்று பூண்டு காய்ச்சிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமைகளில் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவத்தியும் ஏற்றினாள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்க்கிற சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்து அதையும் பார்த்தாள். நரம்பு பழுதாகியிருப்பது உண்மை என்று சீட்டில் எழுதிவிட்டு, காரணம் என்ற இடத்தில் தெரியவில்லை என்று போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? கை கால் ஒன்றும் தானாகப் பழுதாகிற சாமான் இல்லை. குணசேகரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், நாளெல்லாம் அடுத்தவர் அவசரத்தில் உழல்கிற மனுஷன். அவனுக்கு இந்த ஆஸ்பத்திரி நடை போதும் போதுமென்று ஆகிவிட்டது.

"தெரிஞ்சிகினு இன்னா பண்ணப் போற? காலு வந்துருமா?" என்று கேட்டான்.

"வர்லன்னாலும் பரவால்ல. எது என் காலத் துன்னுச்சுன்னு எனுக்குத் தெரியணும்" என்றாள் கெங்கம்மா.

அவளுக்கென்று ஒரு சந்தேகம் இருந்தது. சில பெட்டிகளின் கதவில் மண்டையோட்டுப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பூச்சி சாவதற்காக உள்ளே கேஸ் அடித்த பெட்டிகள் அவை. கேஸுக்கு வாசனை கிடையாது என்று லாரி டிரைவர் ஒருவன் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவள் மண்டையோட்டுப் பெட்டிப் பக்கமே போகவில்லை. கூட வேலை செய்கிற ஜெயக்கொடியிடம் பேசி, அந்தப் பெட்டிகளை அவள் பார்த்துக்கொள்ளவும், அதற்குப் பதிலாக டேப் அதிகமாக ஒட்டியிருக்கிற பெட்டிகளைத் தான் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்துகொண்டாள். அடுத்தவளை ஆபத்தில் தள்ளுகிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஜெயக்கொடிதான் தனக்குக் கல்லு ஒடம்பு என்று சொல்லி வாயை அடைத்தாள். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. கெங்கம்மாவின் கால் குணமாகவில்லை. முன்பு கணுக்கால் வரை இருந்த மரப்பு முழங்காலுக்கு ஏறியது. நடக்கும்போது பாதம் தொங்கிக்கொண்டு தரையில் தட்டியது. தண்ணீரில் நடக்கிற மாதிரி முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

வேலை முடிந்து சாயங்காலம் பெண்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து கையையும் காலையும் கம் தண்ணியால் துடைத்துக்கொள்வார்கள். கிரீஸ் நிமிஷத்தில் போய்விடும், சில்லென்றும் இருக்கும். கெங்கம்மா கூடக் கொஞ்சம் ஊற்றி முழங்காலிலிருந்து பாதம் வரை தேய்த்துக்கொள்வாள். எதையுமே உணராத காலில் அந்தச் சில்லிப்பு மட்டும் லேசாகத் தெரியும். அந்த அரை நிமிஷத்துக்குக் கால் தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றும்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நரம்புப் பிரிவில் புதிதாக ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் ஃபரா. இன்னும் படித்துக்கொண்டிருக்கிற பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. பழைய சீட்டுகளை எல்லாம் ஒன்று விடாமல் படித்தாள். வெளியே நூறு பேர் நிற்கும்போது ஒரு டாக்டர் இப்படிப் படிப்பதைக் கெங்கம்மா அதுவரை பார்த்ததில்லை.

"என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

"கூலிங்க." எல்லாச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

"கூலின்னா? காலைல போனா சாயங்காலம் வரைக்கும் உங்க கையில என்ன இருக்கும்?"

ஒரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கெங்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, டேப், தகடு, மண்டையோடு, தான் பெட்டி மாற்றிக்கொண்டது, மாற்றிக்கொண்ட பிறகு நோய் அதிகமானது. தன் சந்தேகம் தப்பு என்று தனக்கே தெரிந்துவிட்டது என்றும், கேஸ் இல்லையென்றால் வேறு எது என்று புரியவில்லை என்றும் சொன்னாள்.

"அந்தப் பசைய எத வெச்சு எடுக்குறீங்க?"

"அதுக்கு கம் தண்ணின்னு ஒண்ணு கீதுங்க. அதுல ஒண்ணியும் இல்லீங்க. மரத்துப்போன கால்லயே அத்தத்தான் தடவிக்கிறோம்."

ஃபரா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எவ்வளவு நாளாகத் தடவுகிறீர்கள், கதவு மூடியிருக்குமா, கையுறை உண்டா, கூட இருக்கிறவர்களுக்கு இப்படி இருக்கிறதா என்று அடுக்கினாள். பிறகு, அதில் கொஞ்சம் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். அது என்னவென்று தெரிந்தால்தான் தன்னால் காரணம் எழுத முடியும் என்றும், அதுவரை அதைத் தொடவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னாள்.

கெங்கம்மா பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். அவமானமாக இருந்தது. விஷத்தைக் கையால் அள்ளிக் காலில் பூசிக்கொண்டு, இதமாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டவள் தான்தானே என்று நினைத்து நினைத்துக் குமுறினாள்.

மறுநாளிலிருந்து அவள் துடைப்பத்தை மட்டும் கையில் எடுத்தாள், துணியைத் தொடவில்லை. கொண்டுபோவது எப்படி என்பதுதான் பிரச்சினை. டீசல் திருட்டுக்குப் பயந்து யார்டு கேட்டில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்ப்பார்கள். அவள் யோசித்து, ஜெயக்கொடியின் நனைந்த துணியை வாங்கித் தன் சோற்று டப்பாவில் சுருட்டி வைத்து மூடினாள். மேலே சாம்பார்ப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு டப்பா. வாட்ச்மேன் மேல் டப்பாவைப் பார்த்ததோடு விட்டுவிட்டான். அவள் பஸ் ஏறினாள். மறுநாள் காலை ஃபரா முன்னால் டப்பாவைத் திறந்தால் துணி சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி காய்ந்து கிடந்தது. வாசனைகூட இல்லை.

பசையில் தடவினால் அரை நிமிஷத்தில் பறந்துவிடுகிற சாமான், டப்பாவில் ராத்திரி முழுக்க இருக்கும் என்று நினைத்தாளே, அவளை என்ன சொல்ல. தலையில் அடித்துக்கொண்டாள். ஃபரா சிரிக்கவில்லை. அது வருகிற பீப்பாயில் ஏதாவது பெயர் எழுதியிருக்குமே என்று கேட்டாள்.

பீப்பாயில் ஒன்றும் இருக்காது. அதற்கும் காரணம் கெங்கம்மாதான். வருடத்துக்கு இரண்டு தடவை குட்டியானை வண்டியில் பீப்பாய்கள் வரும். ரெஜி அவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் உருட்டி வைத்துவிட்டு, முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டு ஸ்டிக்கரை உரிக்கச் சொல்வான். தீப் படம் போட்ட சாமானை யார்டுக்காரன் பார்த்தால் உள்ளே வைக்க விட மாட்டான், பேஜாராகிவிடும் என்பான். அவளும் கிழியாமல் உரித்து எடுப்பாள்.

"படிக்கத் தெரியாதுங்க. ஆனா படம் ஞாபகம் கீது" என்றாள்.

ஃபரா ஒரு காகிதத்தை நகர்த்தினாள். கெங்கம்மா பேனாவைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொண்டு வரைந்தாள். கோடு நடுங்கியது. முதலில் தீ. அடுத்து ஒரு செத்த மீனும் பட்டுப்போன மரமும். அதற்கடுத்து ஒரு ஆளின் தலையும் தோளும், நெஞ்சுக்கு நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்பு. யார்டில் அவனுக்கு நெஞ்சு வெடிச்ச மாமா என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் தன் புருஷன் இப்படித்தான் வீட்டுக்கு வருவான் என்று ஜெயக்கொடி சொல்லிச் சிரிப்பாள்.

ஃபரா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது சும்மா எண்ணெய்க்குப் போடுகிற படம் இல்லை, உடம்புக்குள் போய் உறுப்பைக் கெடுக்கிற சாமானுக்குத்தான் போடுவார்கள் என்று சொன்னாள். ஆனாலும் படம் போதாது, பெயர் வேண்டும் என்றாள்.

பெயர் எங்கே இருக்கிறது என்பது கெங்கம்மாவுக்குப் பஸ்ஸில் வரும்போது உறைத்தது. பெண்கள் சோறு தின்கிற தகரக் கொட்டகை முழுக்க ஓட்டை. மதியத்தில் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வெயில் தலையில் சுடும். புதுத் தகரம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவர்களே உரித்த ஸ்டிக்கர்களில் நல்லதாகப் பார்த்து ஓட்டையில் ஒட்டிவிடுவார்கள். கிழியாமல் உரிக்கிறவள் அவள் என்பதால் பெரும்பாலும் அவளுடைய ஸ்டிக்கர்கள்தான் ஒட்டப்பட்டன. நான்கு வருடத்தில் அந்தக் கூரையும் சுவரும் கலர் கலராக நிறைந்துபோயிருந்தன.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளும் ஜெயக்கொடியும் தேடினார்கள். மண்டையோடுகள், அம்புகள், குடைகள், கண்ணாடிக் கோப்பைகள், புரியாத எழுத்துகள். சோற்றுப் பை மாட்டுகிற ஆணிக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், நெஞ்சு வெடித்தவன் இருந்தான். வெயில் படாததால் எழுத்து அழியாமல் பளிச்சென்று இருந்தது. கெங்கம்மா நகத்தால் மூலையைக் கிளப்பினாள். வரவில்லை. மறுபடி மறுபடி கிளப்பினாள். ஜெயக்கொடி அவள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். நகக்கண்ணில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"கம் தண்ணி ஊத்தினா ஒரு நிமிஷம்க்கா" என்று சொன்ன ஜெயக்கொடி, சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டாள். பிறகு தன் பிளாஸ்கைத் திறந்து சூடான டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டிக்கரின் மேல் ஊற்றினாள். பசை இளகியது. முழுசாக வந்தது.

ஈர ஸ்டிக்கரைப் புடவைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கெங்கம்மா கேட்டைத் தாண்டினாள். ஃபரா அதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசினாள். ஹெக்சேன் என்று அதற்குப் பெயர். மூச்சிலும் தோலிலும் உள்ளே போய் நரம்பை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும். விட்டுவிட்டால் நிற்கும், ஆனால் உடனே நிற்காது. சில மாதம் இன்னும் மோசமாகி, அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பும். எல்லாம் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் மறைக்காமல் சொன்னாள். பிறகு சீட்டை எடுத்து, காரணம் என்ற இடத்தில் இருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கெங்கம்மாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடமாக முகம் காட்டாமல் அடித்தவனின் சட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு வந்தது.

ஃபரா தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு கடிதமும் கொடுத்தாள். மற்றப் பெண்களையும் சோதிக்க வேண்டும், அந்தச் சாமானை நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. கூடவே, அங்கே வேலை செய்ததற்கு ஒரு அத்தாட்சி மட்டும் யார்டில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

ரெஜி கெட்டவன் இல்லை. அவள் நடக்கிற விதத்தைப் பார்த்து நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் கொடுத்தான், அத்தாட்சி எதற்கென்று முழுதும் கேட்டுக்கொண்டான். பிறகு பெரிய பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"யக்கா, தப்பா நெனக்காத. இதுல இன்னா கீதோ அத்தத்தான் நான் எழுதித் தர முடியும். கெங்கம்மான்னு இங்க யாரும் வேல செய்யல."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. சேர்ந்த முதல் நாள் அவளுக்குக் கொடுத்த கேட் பாஸில் ஷெர்லின் என்று பெயர் இருந்தது. முன்னால் வேலை பார்த்து நின்றுபோன பெண்ணின் பாஸ், உன்னுடையது அடுத்த மாதம் வந்துவிடும் என்று அப்போது ரெஜி சொன்னான். வாட்ச்மேன் பாஸின் நிறத்தைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். பெண்களில் பாதிப் பேர் இப்படி வேறு யாருடைய பெயரிலோதான் உள்ளே போய் வந்தார்கள், யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அந்தப் பதிவேட்டின்படி நான்கு வருடமாக ஷெர்லின் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கெங்கம்மா ஒரு நாள்கூட வரவில்லை. நோய் கெங்கம்மாவுக்கு இருந்தது, வேலை ஷெர்லினுக்கு இருந்தது.

ஷெர்லினை எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள். கல்யாணமாகி நாகர்கோவில் பக்கம் போய்விட்டாள் என்றான் ரெஜி. பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான். வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். பாஸ் அப்போதும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெயக்கொடி போன் செய்தாள். கொட்டகைக்கு ஒரே நாளில் புதுத் தகரம் போட்டுவிட்டார்களாம், ஒரு ஓட்டை கிடையாதாம். பழைய தகரத்தை எல்லாம் காயலான் கடைக்கு ஏற்றிவிட்டார்களாம். கம் தண்ணி இப்போது பீப்பாயில் வருவதில்லை, குடிதண்ணீர் கேனில் வருகிறதாம். அவளும் இன்னும் மூன்று பேரும் துணியைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று ரெஜி சொன்னானாம்.

பாஸின் பின்பக்கத்தில் ஒரு முகவரி இருந்தது, குணசேகரன் படித்துச் சொன்னான். ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து. ஷெர்லின் ஊரில் இல்லையென்றாலும் வீட்டில் யாராவது போன் நம்பர் தருவார்கள் என்று குணசேகரனைக் கிளப்பினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவை எடுத்தான். ஆனால் அன்று சவாரி ஏற்றவில்லை, அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனான்.

சந்தில் ஆன்றோ ஸ்டோர்ஸ் என்று ஒரு மளிகைக் கடை. கல்லாவில் இருந்தவனிடம் ஷெர்லின் என்று சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. தங்கச்சி என்றான், என்ன விஷயம் என்றான். அவன் கேட்டு முடிப்பதற்குள் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாதம் தரையில் அறைகிற சத்தம், ஒன்று, சிறிது இடைவெளி, இன்னொன்று. கெங்கம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். அந்தச் சத்தத்தை அவள் தினமும் தன் வீட்டில் கேட்கிறாள்.

ஷெர்லினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அரிசி மூட்டைகளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தாள். கல்யாணம் நடக்கவில்லை. நிச்சயம் செய்த மாப்பிள்ளை வீட்டார் அவள் நடையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். ஏகப்பட்ட ஆஸ்பத்திரி, ஏகப்பட்ட ஸ்கேன். கடைசியில் எல்லாம் மனசில்தான் இருக்கிறது, வேலைக்குப் போகப் பிடிக்காமல் செய்கிறாள் என்று சொல்லி மனநல டாக்டரிடமும் அதற்கப்புறம் ஜெபக் கூட்டங்களுக்கும் அழைத்துப் போனார்கள். கைக்கு உயிர் திரும்பிவிட்டது, கால் அப்படியே நின்றுவிட்டது. இதை எல்லாம் அவள் யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

கெங்கம்மா தன் சீட்டை எடுத்துக் காட்டினாள். ஷெர்லின் ஆங்கிலம் படிப்பாள். காரணம் என்ற இடத்தில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தாள்.

"கம் தண்ணியாக்கா?"

"அதேதாம்மா."

"அப்போ நான் பொய் சொல்லல." அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பொய் சொல்லலண்ணே."

அண்ணன் ஆன்றோ தராசைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். கேஸ், கோர்ட் என்று போனால் கடைக்குக் கெட்ட பெயர் என்று ஏதோ ஆரம்பித்தவன், தங்கை பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். கெங்கம்மா தனக்கு வேண்டியதைச் சொன்னாள். ஷெர்லின் நேரில் வந்து, தான் எப்போது வேலையை விட்டேன் என்று சொன்னால் போதும். அதற்கப்புறம் அந்தப் பெயரில் உள்ளே போனது யார் என்ற கேள்வியை அதிகாரி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அது மட்டும் சொன்னா பத்தாதுக்கா" என்றாள் ஷெர்லின். "வேலையில இருந்தவரைக்கும் நான் என்னத்தத் தொட்டேன்னும் சொல்லணும். என் ஃபைலையும் எடுத்துட்டு வாரேன்."

திங்கட்கிழமை காலை குணசேகரன் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்தில் இறக்கினான். வண்டி நிறுத்த இடமில்லை, போலீஸ்காரன் விரட்டினான். அவன் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனான். அதிகாரி மூன்றாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் கதவில் சாக்குக் கயிறு கட்டி, பழுது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கடிதத்தைக் கீழேயே வாங்கிக்கொள்ள முடியுமா என்று ஷெர்லின் மேசைக்காரரைக் கேட்டாள். மனு கொடுப்பவர் நேரில் மேலே போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அதிகாரி பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக்குக் கிளம்பிவிடுவார் என்று அவர் சொன்னார். சுவரில் மணி பதினொன்று ஐந்து.

படிக்கட்டுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. அதுவும் பாதியில் உடைந்திருந்தது. முதல் படியில் காலை வைத்துப் பார்த்தார்கள். பாதம் விளிம்பில் தட்டித் திரும்பியது, படி எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. கெங்கம்மா ஷெர்லினைப் பார்த்தாள். பிறகு புடவையைச் சுருக்கிக்கொண்டு, மேலே முதுகைக் காட்டி, முதல் படியில் உட்கார்ந்தாள். ஷெர்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் ஊன்றி ஒரு எக்கு எக்கினால் அடுத்த படி.

முதல் மாடித் திருப்பத்தில் டீ டம்ளர்களோடு இறங்கி வந்த பியூன் நின்றுவிட்டான். வழியை அடைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவனுக்கு எரிச்சல் வந்தது.

"இன்னாம்மா இது, நடந்து வர முடியாதா?"

"அத்தச் சொல்றதுக்குத்தான் வந்துகினு கீறோம்" என்றாள் கெங்கம்மா.

அவன் ஒதுங்கிச் சுவரோரமாக இறங்கிப் போனான். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் ஃபைல்களை மடியிலிருந்து எடுத்து முதலில் மேல்படியில் வைத்தார்கள், பிறகு கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மறுபடி ஃபைல்களை எடுத்து அடுத்த படியில் வைத்தார்கள்.